கண்மாய் ஆராய்ச்சிக்குக் கிளம்புகிறவர்களுக்கு: கடிதம், காகிதம், காலம், காசு

வரலாறோ, தமிழோ, மானுடவியலோ, நாட்டார் வழக்காற்றியலோ, ஏதோ ஒரு துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிட்டீர்கள். மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள உறவு என்று தலைப்பும் எழுதிக் கொடுத்தாயிற்று. அடுத்து எங்கே போவது, யாரைப் பார்ப்பது, என்ன காகிதம் கேட்பது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாயையும் அதில் பாசனம் பெறும் மூன்று ஊர்களையும் பற்றி ஆய்வேடு எழுதி முடிக்க எனக்கு ஐந்தரை வருஷம் ஆனது. அதில் ஒன்றரை வருஷம் வெறும் அலைச்சல். உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கண்மாயை வைத்தே சொல்கிறேன். உங்கள் ஆய்வு கோயில்காடு, மேய்ச்சல் நிலம், கழிமுகம் என்று எதைப் பற்றியதாக இருந்தாலும் வரிசை ஏறக்குறைய இதுதான். போக வேண்டிய அலுவலகங்கள்தான் மாறும்.

1. தலைப்பை ஒரு கண்மாய் அளவுக்குச் சுருக்குங்கள்

தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் எல்லாம் சேர்த்து சுமார் 39 ஆயிரம் இருக்கின்றன. உங்களுக்கு ஒன்று போதும். "தென் மாவட்டக் கண்மாய்களும் மக்கள் வாழ்வும்" என்று எழுதிக் கொடுத்தால் நெறியாளர் கையெழுத்துப் போட்டுவிடுவார். இரண்டு வருஷம் கழித்து மாட்டிக்கொள்வது நீங்கள்தான். கேள்வியும் ஊர்க்காரர்கள் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். மடை திறக்கிற உரிமை யாரிடமிருந்து யாருக்குப் போனது? மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம், எப்போது வந்தது, அதற்கு முன் யார் மீன் பிடித்தார்கள்? இப்படி ஒன்று.

ஐந்திணையில் தொடங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் அத்தியாயம் முழுக்கக் குறிஞ்சி, முல்லை என்று போகாத ஆய்வேட்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் கண்மாய்க்கு அது எந்த வகையில் தேவை என்று ஒரு பத்தியில் சொல்ல முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பேர்பெற்ற இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னும் யோசியுங்கள். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வருஷா வருஷம் பத்திரிகையில் வரும் செய்தி இது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பிறகு டங்ஸ்டன் சுரங்க எதிர்ப்புப் போராட்டத்தால் இன்னும் பிரபலம். இந்த மாதிரி ஊர்களில் கேள்வியை முடிப்பதற்குள் தயாரான பதில் வந்துவிடும். அங்கேதான் போவது என்றால், நிருபர்கள் கேட்காததைக் கேளுங்கள்.

2. கடிதங்கள்: ஒன்று போதாது, ஐந்து வேண்டும்

"சம்பந்தப்பட்டவர் அறிய" என்று பொதுவாக ஒரு கடிதம் வாங்கி அதையே ஜெராக்ஸ் எடுத்து எல்லா இடத்திலும் நீட்டினேன். ஒரு அலுவலகத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க பேரு இதுல எங்கே இருக்கு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். 400 கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

ஆவணக் காப்பகம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நீர்வளத் துறை, ஊராட்சி ஒன்றியம், நூலகங்கள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கடிதம் வாங்குங்கள். நெறியாளர் கையெழுத்தோடு துறைத்தலைவரோ பதிவாளரோ போட்ட கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். ஆய்வுத் தலைப்பு, பதிவு எண், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரையிலான ஆவணம் வேண்டும் என்பதெல்லாம் கடிதத்திலேயே வரட்டும். கூடவே அடையாள அட்டை நகல், பத்துப் பன்னிரண்டு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். புகைப்படம் எங்கே கேட்பார்கள் என்று சொல்லவே முடியாது.

இரண்டு விஷயங்களை இப்போதே தொடங்கிவிடுங்கள், இரண்டும் மாதக்கணக்கில் இழுக்கும். முதலாவது, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். அந்த விண்ணப்பத்திலேயே, பேட்டி தருகிறவரின் சம்மதத்தை வாய்மொழியாகப் பதிவு செய்துகொள்வேன் என்று எழுதிவிடுங்கள். கிராமத்தில் வெள்ளைத்தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் பத்திரம் எழுதி வாங்க வந்தவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். இரண்டாவது, உங்கள் கண்மாய் சரணாலய எல்லைக்குள் வந்தால், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 28இன் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி. சரணாலயத்துக்கு வெளியே ஊருக்குள் உட்கார்ந்து பேசுவதற்கு இந்த அனுமதி வேண்டியதில்லை.

3. வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவை

தமிழக அரசின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் ‘அ’ பதிவேட்டு விவரத்தைப் பைசா செலவில்லாமல் பார்க்கலாம். கண்மாய் எந்தப் புல எண்ணில் இருக்கிறது, எத்தனை ஹெக்டேர், எந்த வகைப் புறம்போக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் கையேடுகள் பல ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பாருங்கள்.

தேடுவதற்கு முன் ஒரு பெயர்ப்பட்டியல் தயார் செய்யுங்கள். இன்றைய சிவகங்கை மாவட்டத்து ஊர் ஒன்று, 1910க்கு முந்தைய ஆவணங்களில் மதுரை மாவட்டத்தில் இருக்கும். 1910இலிருந்து 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தில். இது தெரியாமல் ‘சிவகங்கை’ என்றே தேடிக்கொண்டிருந்தால் ஜமீன் விவகாரங்கள்தான் வந்துகொண்டிருக்கும். ஊர்ப்பெயரில் ‘ழ’ இருந்தால் இன்னும் கஷ்டம், ஆங்கில எழுத்தில் அதை ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். என் ஊருக்கு மட்டும் ஏழு விதமான எழுத்துகள் கிடைத்தன.

4. ஆவணக் காப்பகத்துக்கு முன்னால் ஊருக்குப் போங்கள்

எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். நானும் முதலில் சென்னைக்குப் போய் மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். எதைத் தேடுவது என்றே தெரியாததால் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன், அதில் பாதி இன்றுவரை பயன்படவில்லை. மடைகளின் பெயர், வரத்துக் கால்வாய் எங்கிருந்து வருகிறது, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் தகராறு என்பதெல்லாம் ஊரில் கேட்டுத் தெரிந்த பிறகுதான் ஆவணத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று புரியும்.

முதல் பயணத்துக்கு நல்ல காலம் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாயில் தண்ணீர் கிடக்கும். மடை திறப்பு, முறை வைத்துப் பாய்ச்சுவது, அறுப்பு எல்லாவற்றையும் கண்ணாலேயே பார்க்கலாம். நடவு நாட்களில் மட்டும் போகாதீர்கள், ஒருவருக்கும் பேச நேரம் இருக்காது.

போன முதல் நாள், கரையில் உட்கார்ந்திருந்த ஒரு நீர்க்கட்டித் தாத்தாவிடம் (மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்தான் நீர்க்கட்டி), "ஐயா, இந்தக் கண்மாய்க்கும் உங்களுக்கும் உள்ள உறவு பத்திச் சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எந்த ஆபீஸ்ல இருந்து வர்றே தாயி?" என்றார். அவ்வளவுதான். மறுநாள், "தாத்தா, கடைசியா எந்த வருஷம் கலுங்கு பாஞ்சது?" என்று கேட்டேன். கண்மாய் நிரம்பி மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம்தான் கலுங்கு. இரண்டு மணி நேரம் பேசினார். எந்த மடையில் எவ்வளவு தண்ணீர் போகும், சண்டை எங்கே வரும், களத்தில் அவருக்கு எத்தனை மரக்கால் நெல் கொடுத்தார்கள், எப்போது நிறுத்தினார்கள், மடைக்கருப்புக்கு எப்போது கிடா வெட்டுவார்கள், எல்லாம் வந்தது. ‘இயற்கை’, ‘சுற்றுச்சூழல்’ என்ற சொற்களைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மடை, மீன், மாடு, மண், சாமி, இவற்றைப் பற்றிக் கேட்டால் போதும்.

சொற்களில் இன்னொரு கண்ணி. களத்தில் கொடுக்கும் நெல்லைப் பெரியவர்கள் ‘சுதந்திரம்’ என்பார்கள். "எங்களுக்குச் சுதந்திரம் நின்னு போச்சு" என்று ஒருவர் சொன்னதை நான் அரசியலாக எழுதிக்கொண்டு வந்தேன். ஊர்ப்பணிக்காகக் கிடைக்கும் நெல் பங்கைத்தான் அவர் சொன்னார் என்பது மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஒரே வேலைக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறும். வடக்கே கலங்கல் என்பதை இங்கே கலுங்கு என்பார்கள். கேட்டது கேட்டபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

எங்கே தங்குகிறீர்கள் என்பதை ஊர் முழுக்கக் கவனிக்கும். முன்னாள் தலைவர் வீட்டு மாடியில் இலவசமாக இடம் கிடைத்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். பள்ளத்தெருவில் இரண்டு மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. தண்ணீர் விவகாரம் என்றாலே அதில் சாதி இருக்கிறது: கடைமடையில் யார் நிலம், கரை காப்பது யார், கோயிலில் முதல் மரியாதை யாருக்கு. பக்கத்து டவுனில் வாடகைக்கு அறை எடுத்து, பஸ்ஸில் வந்து போங்கள். டீக்கடையில் எந்தப் பெஞ்சில் உட்காருகிறீர்கள் என்பதும்கூடக் கணக்கில் வரும்.

ஆக்கிரமிப்பு அகற்ற வந்த ஆள் என்ற சந்தேகமும் உங்கள் மேல் வரும். 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்துக்குப் பிறகு கையில் வரைபடத்தோடு கண்மாய்க்குள் நடக்கிறவரை யாரும் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. அதனால் முதல் வாரம் வரைபடத்தை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஆண்களோடு பேசினால் கண்மாய் என்பது பாசனம் மட்டும்தான். அப்பத்தாக்களிடம் கேளுங்கள். நத்தை, நண்டு, கீரை, கோரை, விறகு, துணி வெளுக்கும் படித்துறை என்று வேறொரு கண்மாயே வரும். என் ஆய்வேட்டில் உருப்படியான அத்தியாயம் என்று நான் நினைப்பது அதைத்தான், அது ஆரம்பத் திட்டத்தில் இல்லவே இல்லை.

ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்க எனக்கு ஆறு மணி நேரம் ஆனது. சேர்த்து வைக்காமல் அன்றன்றைக்கு உட்கார்ந்துவிடுங்கள்.

5. தாலுகா, ஒன்றியம், நீர்வளத் துறை

ஆயக்கட்டு, அதாவது கண்மாயில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் பெரும்பாலும் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். நீர்வளத் துறை 2021 வரை பொதுப்பணித் துறையின் பகுதியாக இருந்தது. பழைய கோப்புகளில் அந்தப் பெயர்தான் இருக்கும். தவறான இடத்தில் மனு கொடுத்தால் ஒரு மாதம் போனது போனதுதான். பெரிய கண்மாய்களுக்கு ‘டேங்க் மெமாய்ர்’ என்ற ஆவணம் இருக்கிறதா என்று கேளுங்கள். 1883இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் தயாரானவை அவை. மடை, கலுங்கு, கரை அளவெல்லாம் அதில் இருக்கும்.

வி.ஏ.ஓ.விடம் பார்க்க வேண்டியது அடங்கல், அதாவது கிராமக் கணக்கு எண் 2. எந்த நிலத்தில் எந்தப் போகம் என்ன பயிர், எந்தப் பாசனம் என்று வருஷவாரியாகக் கிடைக்கும். ஆனால் மே, ஜூனில் ஜமாபந்தி என்ற வருடாந்திரக் கணக்குத் தணிக்கை நடக்கும், அப்போது போய் நிற்காதீர்கள். ஜூலைக்கு மேல் போனால் கணக்கு முடித்த நிம்மதியில் உட்கார்ந்து பேசுவார்கள். 1980இல் பரம்பரைக் கர்ணம், அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை, பதவி ஒழிந்தது. அதற்கு முந்தைய நோட்டுகள் சில ஊர்களில் பழைய கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் இருக்கும். விசாரித்துப் பாருங்கள்.

கணக்குகளில் ஆண்டு பசலியில்தான், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறை ஆண்டில்தான், இருக்கும். பசலியோடு 590ஐக் கூட்டுங்கள்: பசலி 1300 என்பது 1890 ஜூலையிலிருந்து 1891 ஜூன் வரை. ஒரு வருஷம் தள்ளிக் கணக்குப் போட்டால் பஞ்ச வருஷமும் மழை வருஷமும் இடம் மாறிவிடும். நான் போட்டேன். வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்புதான் கண்டுபிடித்தேன்.

நேரில் கேட்டுக் கிடைக்காததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் நகல் கட்டணம், முப்பது நாள் கெடு. பதில் வரவில்லை என்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் தூர் வாரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "2005 முதல் 2015 வரை மீன்பாசி ஏலம் தொடர்பான கோப்பின் நகல்" என்று இருக்கிற காகிதத்தைக் கேளுங்கள். கோப்பு எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் கவனியுங்கள். நி.மு. என்றால் நிரந்தரம். ப.மு. என்றால் பத்து வருஷம், மூ.மு. என்றால் மூன்று வருஷம். கெடு முடிந்திருந்தால் அந்தக் கோப்புக்காக அலைய வேண்டாம்.

6. எழும்பூர் ஆவணக் காப்பகம்

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான். இரவு வண்டியில் போனால் காலையிலேயே உள்ளே உட்காரலாம். பகல் வண்டியில் போனால் அன்றைய நாள் வீண். கடிதம், அடையாள அட்டை, புகைப்படம் மூன்றும் கையில் இருக்கட்டும். நகல், புகைப்படம் எடுப்பதற்கான விதியையும் கட்டணத்தையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பென்சிலால் எழுதுங்கள்.

முதல் இரண்டு நாள் எந்த ஆவணமும் கேட்காதீர்கள். வருஷவாரி அட்டவணைத் தொகுதிகளை மட்டும் புரட்டி, ஒரு நோட்டில் துறை, எண், தேதி மூன்றையும் எழுதுங்கள். மூன்றும் வேண்டும், ஏனென்றால் ஒரே எண்ணில் ஒவ்வொரு துறையும் ஒரு ஆணை போட்டிருக்கும். வருவாய் வாரிய நடவடிக்கைகளும் பொதுப்பணித் துறையின் பாசன ஆணைகளும்தான் கண்மாய்க்கு முக்கியம். ஆங்கிலத்தில் எல்லாமே ‘டேங்க்’தான், கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி என்ற வித்தியாசம் இருக்காது. உங்கள் ஊர் நோட்டு கையில் இருந்தால்தான் எது எது என்று தெரியும்.

நான் மாட்டிய பெரிய கண்ணி இது: மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம் பெரும்பாலும் ரயத்துவாரி ஊர்கள், அதாவது குடியானவர்கள் நேரடியாக அரசுக்கே வரி கட்டிய ஊர்கள், அங்கே நிலத்தை அளந்து வரி நிர்ணயித்த 19ஆம் நூற்றாண்டு செட்டில்மென்ட் பதிவேடுகளை வைத்து நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. அதைப் படித்துவிட்டு என் ஊருக்கும் அதே பதிவேட்டைத் தேடினேன். சிவகங்கை ஜமீன் பகுதி. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் இங்கெல்லாம் அரசு செட்டில்மென்ட் நடந்தது. இல்லாத ஒன்றைத் தேடி ஐந்து வாரம் எழும்பூரில் வாடகை கொடுத்தேன். உங்கள் ஊர் ரயத்துவாரியா, ஜமீனா, இனாமா (வரிச் சலுகையோடு மானியமாகக் கொடுத்த ஊர்) என்று பஸ் ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஜமீன் என்றால் நீதிமன்ற வழக்குத் தீர்ப்புகளில் தேடுங்கள். தண்ணீருக்காக ஜமீனும் குடியானவர்களும் ஓயாமல் கோர்ட்டுக்குப் போனார்கள்.

மிச்ச நாளில் எழும்பூரிலேயே கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இரண்டுக்கும் கடிதம் கொண்டு போங்கள்.

7. கோடையில் திரும்பவும் ஊர்

ஆவணத்தில் பார்த்ததை எடுத்துக்கொண்டு பங்குனி, சித்திரையில் போங்கள். தண்ணீர் வற்றியிருக்கும், உள்வாயில், அதாவது கண்மாயின் உட்பகுதியில், நடக்கலாம். மீன்பிடித் திருவிழா, கரம்பை மண் அள்ளுவது, ஆடு கிடை போடுவது, சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது எல்லாம் அப்போதுதான். பழைய ஆணையில் இருக்கும் வழக்கைப் படித்துக் காட்டினால் பெரியவர்கள், "அதுல தோத்தது எங்க அய்யாதான்" என்று ஆரம்பிப்பார்கள். அரசாணையில் சொல்லாத பாதி அப்போது கிடைக்கும்.

8. பணம்

ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், அதற்கான நெட் தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை. கிடைக்காதவர்கள் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். எந்த உதவித்தொகையானாலும் உத்தரவு வருவது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு களத்துக்குப் போங்கள். என் செலவில் பெரும்பங்கு எழும்பூர் அறை வாடகை, அடுத்தது பஸ். நகல் செலவு பயந்த அளவுக்கு இல்லை. பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், தணிக்கையில் கேட்பார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. இரண்டு பருவம் ஊரில் இருக்க வேண்டும் என்பதால் மழை பொய்த்தால் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அந்த வருஷத்தையும் சேர்த்தே திட்டம் போடுங்கள்.

9. எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள்

ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றால், முப்பது பக்கத்துக்குத் தமிழில் சுருக்கி அச்சடித்து ஊர் நூலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் வையுங்கள். ஆக்கிரமிப்பு, சாதித் தகராறு பற்றிப் பேசியவர்களின் பெயரை மாற்றுங்கள். சின்ன ஊரில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது, மடையின் பெயரைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஒலிப்பதிவுகளின் நகலைப் பேசியவர் வீட்டில் கொடுங்கள். ஃபைல் பெயரிலேயே ஊர், தேதி, யார் வீடு என்று எழுதிவிடுங்கள். நான் ஒன்று, இரண்டு என்று எண் மட்டும்தான் போட்டிருந்தேன். நீர்க்கட்டித் தாத்தா இறந்த பிறகு அவர் பேரன் போன் செய்து, "அக்கா, எங்க தாத்தா பேசினது இருந்தா அனுப்புங்க, கருமாதிக்குப் போடணும்" என்றான். 140 பதிவுகளுக்குள் தேடி எடுக்க மூன்று நாள் ஆனது. நல்லவேளை, கருமாதிக்கு ஒரு நாள் முன்னால் கிடைத்துவிட்டது.